லீவுக்கு வந்தார் என்று சொல்லாத பெண்

அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித் தொடங்குகிறேன். இதை எழுதலாமா கூடாதா என்று பல வருஷம் எனக்குள்ளேயே இழுபறியாக இருந்தது. பேனாவை எடுப்பேன். இது உன்னுடைய கஷ்டமா, இன்னொருத்தியுடையதா என்று மனசு கேட்கும். மூடி வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத வராது என்பது ஒரு காரணம்தான். பெரிய காரணம், ஒரு பெண்ணுக்கு நடந்த அக்கிரமத்தை எழுதினால் நம் ஆட்கள் முதலில் கேட்பது "யாரு அது?" என்பதைத்தான்.

போன மாதம் ஜித்தாவிலிருந்து ரஹ்மத் போன் செய்தாள். நான் வேலை பார்த்த கிளினிக்கில் இப்போது என் இடத்தில் இருப்பவள். எங்களில் லாத்தா என்றால் அக்கா.

"லாத்தா, சூடான்ல சண்டை நடக்குதுல்ல, அங்கேருந்து கப்பல்ல தப்பிச்சு வந்த பொம்பளைங்க இங்க வர்றாங்க. சிலபேருக்கு வயித்துல இருக்கு. எப்படி வந்துச்சுன்னு வாய் திறக்க மாட்டேங்கிறாங்க. என்ன கேக்குறது, எப்படிக் கேக்குறதுன்னே தெரியல. நீங்க டாக்டரம்மாகிட்ட இருந்தவங்க, சொல்லித் தாங்களேன்."

எனக்குச் சொல்லித்தரத் தெரியாது. நடந்த ஒன்றைத்தான் சொல்லத் தெரியும். அதற்கும் உரியவளிடம் கேட்க வேண்டும். இலங்கைக்குப் போன் போட்டுக் கேட்டேன். "என்ர பேரையும் ஊரையும் விட்டிட்டு எழுதுங்கோ அக்கா" என்றாள். அதனால் அவளைத் தங்கச்சி என்றே எழுதுகிறேன். நான் அப்படித்தான் கூப்பிட்டேன்.

ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊர் எங்களுடையது. எங்கள் வீட்டுக்காரருக்கு ஜித்தாவில் ஷரஃபியா என்கிற பகுதியில் மளிகைக் கடை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் பக்கத்துத் தெருக் கிளினிக்கில் தரை துடைக்கப் போனேன். அங்கே தமிழும் கொஞ்சம் உருதுவும் தெரிந்த பொம்பளை நான் ஒருத்திதான். அரபியும் காதில் விழுந்து விழுந்து வந்துவிட்டது. துடைப்பத்தை வாங்கிக்கொண்டு டாக்டரம்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து விட்டார்கள். நோயாளி சொல்வதை டாக்டருக்கும், டாக்டர் சொல்வதை நோயாளிக்கும் சொல்லும் வேலை. என் படிப்பெல்லாம் அவ்வளவுதான்.

புதிதாக வேலைக்கு வந்து இறங்கும் பெண்களுக்கு இகாமா என்கிற தங்கும் அனுமதி எடுப்பதற்கு முன்னால் மெடிக்கல் பார்க்க வேண்டும். ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே. எங்கள் கிளினிக்கின் பெண்கள் பக்கத்தில் பாதிக் கூட்டம் அதுதான். மீதிப் பாதி குடும்பத்தோடு இருக்கிறவர்கள். அதில் ஒரு வகையை நாங்கள் 'லீவுப் பிள்ளை' என்போம். புருஷன் யான்புவிலோ எங்கேயோ சைட்டில் இருப்பான், பெண்டாட்டி ஜித்தாவில் வேலையில் இருப்பாள். அவன் லீவில் வந்து போன பிறகு இவள் வாந்தி எடுத்துக்கொண்டு வருவாள்.

"லீவுக்கு வந்தாரா?" என்று கேட்பேன்.

"வந்தாரு லாத்தா, நாலே நாளு."

"நாலு நாளுக்கே இப்படின்னா மாசக் கணக்குல இருந்திருந்தா ஊரையே நிரப்பியிருப்பாரே!"

வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். டாக்டரம்மா அரபியில் என்னவென்று கேட்பார். சொல்வேன். அவரும் சிரித்துவிட்டு, "நீ எழுது, லீவு" என்பார். லீவுக்கு வந்தார் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அந்த நாட்டில் அது எல்லாக் கதவையும் திறக்கிற வார்த்தை. கல்யாணம் ஆன பெண், புருஷனுடைய பிள்ளை, அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள். அது இல்லாமல் வயிற்றில் இருந்தால் போலீஸ் வரை போகும். அதை எல்லோரும் அறிவோம்.

டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சூடான் நாட்டுக்காரர், மேற்குப் பக்கத்து ஊர். நல்ல உயரம். கோபம் வந்தால் குரல் கூடாது, குறையும். அவர் குரல் தணிந்தால் மேரிக்குட்டி சிஸ்டர், அவர் கேரளா, கையிலிருந்த டிரேயைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நிற்பார்.

கஷ்டமான கேஸ் என்று தெரிந்தால் டாக்டரம்மா ஒரு முறை வைத்திருந்தார். கூட வந்தவர்கள் எல்லோரும் வெளியே. கதவுக்கு உள்தாழ்ப்பாள். அந்தப் பெண் கதவைப் பார்த்து உட்கார வேண்டும், முதுகு சுவரோடு. நான் எதிரில் உட்காரக் கூடாது, பக்கத்தில். தொடுவதற்கு முன் கேட்க வேண்டும், ரத்த அழுத்தம் பார்க்கக்கூட. 'ஏன்' என்று தொடங்கும் கேள்வி கிடையாது. ஏன் அங்கே போனாய், ஏன் கத்தவில்லை, ஒன்றும் கூடாது. பெரிய முடிவு எதையும் ஒரு தடவை கேட்டு எழுத மாட்டார். இப்போது கேட்பார், அவள் சாப்பிட்ட பிறகு கேட்பார், தூங்கி எழுந்து வந்த பிறகு கேட்பார். "பசியில சொல்றது பயம் சொல்ற பதில்" என்பார். இன்னொன்று எனக்கு மட்டும் சொன்னது: "உள்ளே வருமுன் முகத்தைக் கழுவிக்கொண்டு வா. உன் முகத்தில் பதில் இருக்கக் கூடாது. இருந்தால் அவள் அதைப் படித்துவிட்டு அதையே சொல்லிவிடுவாள்."

இலங்கையில் சண்டை முடிந்த காலம் அது. ஒருநாள் காலை, அவளை வேலைக்கு எடுத்த அரபு வீட்டு மேடம் மெடிக்கலுக்கு அந்தத் தங்கச்சியைக் கூட்டி வந்தார். மேடம் வயதானவர், பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர். தங்கச்சிக்கு முப்பதுக்குள் இருக்கும். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி. வன்னிப் பக்கம். ஊரில் தாயிடம் ஒரு பெண் பிள்ளையை விட்டுவிட்டு வந்திருந்தாள். ஜித்தாவில் இறங்கி மூன்று வாரம் ஆகவில்லை.

சிறுநீர் ரிசல்ட் வந்தது. மேரிக்குட்டி சிஸ்டர் என்னிடம் காட்டினார். கர்ப்பம். நான் வழக்கம்போலக் கேட்டேன். "புருஷன் லீவுக்கு வந்தாரா தங்கச்சி? நீ கிளம்புறதுக்கு முன்னாடி?"

அவள் என்னையே பார்த்தாள். "என்ர மனுசன் காணாமப் போயிட்டார் அக்கா" என்றாள்.

அப்புறம் தாழ்ப்பாள் விழுந்தது. டாக்டரம்மா அவளைச் சுவரோரம் உட்காரவைத்தார். நான் முகம் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சொன்னதில் கொஞ்சத்தைத்தான் எழுதுகிறேன். சண்டை முடிந்த நாளில் புருஷன் ராணுவத்திடம் சரணடைந்தான். அவளே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒப்படைத்தாள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்களாம். பஸ்ஸில் ஏற்றினார்கள். அதற்குப்பிறகு தகவலே இல்லை. முகாமிலிருந்து வெளியே வந்து, பிள்ளையைக் காப்பாற்ற வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுத்து முடித்தாள். அதற்குப் பிறகு ஒரு நாள் ஏதோ பேப்பர் வாங்கப் போய்த் திரும்பும் வழியில் துப்பாக்கி வைத்திருந்த ரெண்டு பேர். அவ்வளவுதான் சொன்னாள். நாங்களும் அதற்குமேல் கேட்கவில்லை.

"உனக்குத் தெரிஞ்சிருந்துச்சா?" என்று டாக்டரம்மா என் மூலமாகக் கேட்டார். "வயிற்றில் இருப்பது."

"தெரியும். ஆனா நம்பாம இருந்தனான்."

ஸ்கேன் பார்த்தார்கள். மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

மேரிக்குட்டி சிஸ்டர்தான் முதலில் வாய் திறந்தார். நல்ல மனசு அவருக்கு. "லாத்தா, இதுல எந்தா இத்ர பயம்? கழுத்துல தாலி உண்டு. ஹஸ்பண்ட் ஊர்ல உண்டு, புறப்படும்போ கூட இருந்தார்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. கர்ப்பிணி, வேலைக்கு அன்ஃபிட், அப்படின்னு எழுதி டிக்கெட் கொடுத்து அனுப்பிருவாங்க. போலீஸ் இல்ல, ஒண்ணும் இல்ல."

எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. மேடமும் தப்பாக நினைக்க மாட்டார். நான் தமிழில் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே அவள் மறுத்துத் தலையை ஆட்டினாள்.

"ஏலாது அக்கா."

"புள்ள, உன்ன காப்பாத்தத்தான் சொல்றாங்க."

"விளங்குது. ஆனா யோசிச்சுப் பாருங்கோ. அவர் எங்கயோ வெளிநாட்டில ஒளிஞ்சிருக்கிறார், இல்லாட்டி இரகசியமா வந்து போறார் எண்டுதான் கேக்கிற இடமெல்லாம் சொல்லினம். நான் முறைப்பாடு குடுத்திருக்கிறன், நான் கையளிச்சனான், திருப்பித் தாங்கோ எண்டு. இப்ப என்ர வாயால மூண்டு மாசத்துக்கு முதல் அவர் என்னோட இருந்தவர் எண்டு சொல்லிப்போட்டு, வயித்தோட போய் இறங்கினா, பிறகு ஆர் அவரைத் தேடுவினம்? நானே அவரைத் தேடாம விட்ட மாதிரி."

நான் அரபியில் சொன்னேன். டாக்டரம்மா மேசையில் இருந்த பேனாவை நேராக வைத்தார். சிஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "நியாயம் பேசிட்டு ஜெயிலுக்குப் போகப் போறியா நீ? ஊர்ல ஒரு கொச்சு இருக்கில்ல?" என்று தங்கச்சியிடமே கேட்டார்.

"இருக்கிறா சிஸ்டர். அவவும் அப்பா எங்க எண்டுதான் கேக்கிறா."

டாக்டரம்மா குரலைத் தணித்து, "போதும்" என்றார். சிஸ்டர் டிரேயைக் கீழே வைத்தார்.

பிறகு டாக்டரம்மா அவளிடம் இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். உண்மையைச் சொன்னால் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும், டாக்டராகிய நான் உன்னோடு வருவேன். பிள்ளையைச் சுமப்பதென்றால் ஊருக்குப் போக வேண்டியிருக்கும், போகும்வரை உன் உடம்பைப் பார்த்துக்கொள்வோம். வேண்டாம் என்றால் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று டாக்டர்கள் கூடி முடிவு சொல்ல வேண்டும், நாலு மாதம் தாண்டக் கூடாது, அனுமதி கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. எதைச் சொல்லும்போதும் அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சாமான் பெயர் சொல்வது போலச் சொல்லி, எது என்று முதல் தடவை கேட்டார். வேண்டாம் என்றாள். கடைசியில் கேட்டார்: "யாருக்குச் சொல்லலாம், யாருக்குச் சொல்லக் கூடாது?"

"வெளியில நிக்கிற மேடத்துக்குச் சொல்லுங்கோ. அவவுக்கு மறைச்சு அவவின்ர வீட்டில சாப்பிட ஏலாது. அம்மாவுக்குச் சொல்லக் கூடாது."

மேடத்தை உள்ளே கூப்பிட்டோம். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் இறுகிப்போனது. "எனக்கு வேலைக்கு ஆள் வேணும். போலீஸ் விவகாரம் எனக்கு வேணாம்" என்றார். அப்புறம் தங்கச்சியின் பக்கம் திரும்பினார். "ரத்தம் எடுக்கணும்னு காலையிலேருந்து பட்டினி போட்டிருக்கீங்க. முதல்ல அவளுக்கு ஏதாவது குடுங்க. பேச்சு அப்புறம்" என்றார். எங்கள் வீட்டுக்காரர் கடைக்கு ஆளனுப்பி, பக்கத்து ஹோட்டலிலிருந்து இட்லி வரவழைத்தேன். மேடம் பக்கத்தில் உட்கார்ந்து சட்னிக் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளித் தள்ளி வைத்தார்.

சாப்பிட்ட பிறகு டாக்டரம்மா ரெண்டாவது தடவை கேட்டார். தங்கச்சி கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "அந்தப் பிள்ளையில பிழை ஒண்டும் இல்லை டொக்டர். அது பாவம். ஆனா எனக்கு அதைச் சுமக்க ஏலாது."

நான் மதியத் தொழுகைக்கு, லுஹர் தொழப் போனேன். ஒரு உயிர் விஷயம் என் நாக்கு வழியாகப் போகிறது. திரும்பி வந்து டாக்டரம்மாவிடம் கேட்டேன். "டாக்டரம்மா, இது எனக்கு ஹராம் ஆகுமா?"

அவர் கோபப்படவில்லை. "நான் என் ஊரிலும் இப்படிப் பெண்களைப் பார்த்தேன். சிலர் சுமந்தார்கள், சிலர் முடியாது என்றார்கள். அப்போது நான் மார்க்கம் படித்த ஆலிம்களிடம் கேட்டேன். அநியாயத்துக்கு ஆளானவளுக்கு, கருவுக்கு ரூஹ், அதாவது உயிர், ஊதப்படுவதற்கு முன்னால் இடம் இருக்கிறது என்றார்கள். வேறு மாதிரிச் சொன்னவர்களும் உண்டு. நீயும் கேள். கேட்டு உனக்கு மனசு ஒப்பவில்லை என்றால் நாளைக்கு வராதே, வேறு ஆளைத் தேடுகிறேன். வந்தால் அவள் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுவா."

வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். கிளினிக் விஷயம் எதையும் அவர் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. "சாப்பிடு. அல்லாஹ் உன்னை எதுக்கு அங்க உக்கார வச்சானோ அதைச் செய்" என்றார். அந்த ஒரு பேச்சில் எனக்கு உறுதி வந்தது.

மறுநாள் வந்தாள். மூன்றாவது தடவை. டாக்டரம்மா கேள்வியைக் கேட்டார், நான் தமிழில் கேட்டேன். அவள் டாக்டரைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் என்ன நினைக்கிறியள் அக்கா? நீங்கள் அஞ்சு நேரம் தொழுகிற ஆள். இது பாவமோ?"

எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. என் பிள்ளைகள், எனக்குக் கலைந்த ஒன்று, ஊர்ப் பள்ளிவாசலில் கேட்ட பயான் பேச்சு, எல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. டாக்டரம்மாவுக்குத் தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் கேள்வி என்னவென்று அவருக்குப் புரிந்துவிட்டது. பேனாவால் மேசையை லேசாகத் தட்டினார்.

"என்கிட்ட பதில் இல்ல தங்கச்சி," என்றேன். "உன் பதிலத்தான் நான் கொண்டுபோகணும். நீ என்ன சொன்னாலும் உன் பக்கத்துலதான் உக்காந்திருப்பேன்."

அவள் என் முகத்தில் எதையோ தேடினாள். கிடைக்கவில்லை போலிருக்கிறது. டாக்டரைப் பார்த்து உட்கார்ந்தாள். "எனக்கு வேண்டாம். இது என்ர முடிவு. அவற்ற பிள்ளை எண்டு எங்கயும் எழுத வேண்டாம்."

அதை அப்படியே அரபியில் சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை. அதற்கு இன்றைக்கும் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்கிறேன்.

அதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். டாக்டரம்மா ஸ்கேனையும் பாஸ்போர்ட்டில் இறங்கிய முத்திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வயிற்றில் இருப்பது அவள் இங்கே வந்ததைவிட மூத்தது. இந்த நாட்டில் நடந்தது இல்லை. அதிகாரி தலையசைத்துவிட்டு, "புருஷன்?" என்று கேட்டார்.

இறந்துவிட்டான் என்று சொன்னால் விதவை. இருக்கிறான் என்றால் பிள்ளை அவனுடையது. அவள் சொன்னது ரெண்டும் இல்லை. சின்ன வயதில் மதரஸாவில் ஓதிய ஒரு சொல் எனக்கு ஞாபகம் வந்தது. உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் போனவருக்கு நம் மார்க்கச் சட்டத்திலேயே ஒரு பெயர் இருக்கிறது. அவர் மனைவிக்குத் தனி இடமும் இருக்கிறது. "மஃப்கூத்" என்றேன்.

அதிகாரி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் மெதுவாகவே வந்தன. ஒவ்வொரு கேள்விக்கு முன்பும் "சகோதரி" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் அனுமதி கிடைக்க நாள் இழுத்தது. மூன்று தடவை அலைந்தோம். காரில் மேடமும் வருவார், தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு. தன் மகனிடம் போனில் சத்தம் போடுவார்: "நீ ஏன் இதுல தலையிடுற? என் வீட்டுக்கு வந்தவ. கலாஸ், பேச்சு முடிஞ்சுது!" டாக்டரம்மா தன் வேலை நேரம் முடிந்த பிறகு வருவார். அனுமதி வந்தது. நாலாம் மாதம் முடியுமுன் எல்லாம் ஆயிற்று. உள்ளே போகும்போதும் டாக்டர்கள் ஒருதடவை கேட்டார்கள். அவள் அதே பதிலைச் சொன்னாள்.

அன்றைக்குச் சாயங்காலம் கண் விழித்ததும் தண்ணீர் கேட்டாள். குடிப்பதற்கு என்று நினைத்தேன். "தலைக்கு வார்க்க வேணும் அக்கா" என்றாள்.

"காய்ச்சல் வந்துரும் புள்ள."

"செத்த வீடெண்டா தலைக்கு வார்க்கிறது. இது ஆருக்கும் சொல்லாத செத்த வீடு."

நர்சிடம் கெஞ்சினேன். ரெண்டு நாள் கழித்து, வீட்டுக்குப் போன பிறகுதான் வார்க்கலாம் என்றார்கள். மேடம் வீட்டுக் குளியலறையில் ஸ்டூலில் அவளை உட்காரவைத்து வெதுவெதுப்பான தண்ணீரை நான் ஊற்றினேன். மேடம் துவாலையோடு வாசலில் நின்றார். யாரும் அழவில்லை. நான் எனக்குத் தெரிந்த துஆவை வாய்க்குள் ஓதினேன். அவள் அவளுடைய கடவுளிடம் என்ன சொன்னாளோ. தலை துவட்டி முடித்ததும் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பொட்டு வைத்துக்கொண்டாள்.

மேடம் வீட்டிலேயே கான்ட்ராக்ட் முடியும்வரை வேலை பார்த்தாள். ஊருக்குப் போய்க் கொஞ்ச நாளில் காணாமல் போனவர்களைப் பற்றிய விசாரணைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு இரவு எனக்குப் போன் செய்தாள்.

"கேட்டவை அக்கா. 'உன்ர மனுசன் வெளிநாட்டில இருக்கிறாராம். பஸ்ஸில ஏறின பிறகு உன்னைச் சந்திச்சவரா, உன்னட்ட வந்தவரா?' எண்டு."

"நீ என்ன சொன்ன?"

"'இல்லை' எண்டன். அந்த மனுசன்ர கண்ணைப் பார்த்துச் சொன்னன். ஒரு இடத்திலயும் நான் வேற மாதிரிச் சொல்லேல்ல எண்ட துணிவு இருந்தது. முறைப்பாட்டைத் தள்ள ஏலாமப் போச்சு. இன்னும் கிடக்கு."

இன்னும் கிடக்கிறது. அவர் வரவில்லை. மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. தங்கச்சி இன்றைக்கும் ரோட்டோரம் காணாமல் போனவர்களைத் தேடும் மற்றத் தாய்மார்களோடு புருஷன் போட்டோவைப் பிடித்துக்கொண்டு உட்காரப் போகிறாள். டாக்டரம்மா மவுத்தாகிவிட்டார், அல்லாஹ் அவர் கப்ரை விசாலமாக்கட்டும்.

ரஹ்மத்துக்கும் அவளைப் போன்ற பிள்ளைகளுக்கும் இதைக் கொடுக்கிறேன். படிக்கிறவர்கள் இதை இன்னொருவருக்குச் சொன்னால் எனக்குச் சந்தோஷம். ஆனால் நடந்தபடிக்கே சொல்லுங்கள். அவள் பிள்ளையைப் பெற்று வளர்த்தாள் என்று அழகாக்காதீர்கள். காலமெல்லாம் அழுதாள் என்றும் சேர்க்காதீர்கள், அவள் அப்படி இல்லை. கேட்கிறவர்கள் மனசு ஆறட்டும் என்று, புருஷன் திரும்பி வந்துவிட்டார் என்று மட்டும் தயவுசெய்து முடித்துவிடாதீர்கள். அவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.